சீட்டுக்கு அடியில் ஒரு வால்வு

பழைய ஜீப் வாங்கி ரெக்கவரி வேலையில் இறங்கியிருக்கிறோம் என்று போன வாரம் ஸ்வீட் பெட்டியோடு என்னைப் பார்க்க வந்தீர்கள், மூன்று பேர். பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குள் கொடுத்தேன். தப்பாக நினைக்காதீர்கள். எனக்கு யார் எதைக் கொடுத்தாலும் திறந்து பார்க்க வேண்டும். அது பழகிப்போச்சு.

"உங்க அனுபவத்தைச் சொல்லுங்க" என்று கேட்டீர்கள். வாயால் சொன்னால் நாளைக்கே ஆளுக்கு ஒரு மாதிரி மாற்றிச் சொல்வீர்கள். அதனால் எழுதித் தருகிறேன். நான் ஆறாங்கிளாஸோடு நின்றவன். எழுத்தில் பிழை இருக்கும், விஷயத்தில் இருக்காது.

சேற்றில் மாட்டிய வண்டியை வெளியே இழுப்பதில் இந்தக் காரைக்காலில் என்னை மிஞ்சின ஆள் கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை, கேட்டுப் பாருங்கள். நெரவிப் பக்கம் வயலில் புதைந்த அறுவடை மெஷினா, கடற்கரை மணலில் உட்கார்ந்துவிட்ட மீன் வண்டியா, கீழவாஞ்சூர் துறைமுக ரோட்டில் சரிந்த நிலக்கரி லாரியா, முதல் போன் எனக்குத்தான் வரும். கிரேன்காரன் வந்து "இது முடியாதுங்க" என்று திரும்பிப் போன இடத்தில் நான் போய் இழுத்திருக்கிறேன். எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கெட்டுப்போய்க் கெட்டுப்போய்க் கற்றுக்கொண்டது.

என் ஜீப் கவர்மெண்ட் ஏலத்தில் எடுத்தது. ஏலத்தில் அதைக் காட்டினவர், "சார் வண்டிங்க, ஆபீசர் மட்டும்தான் ஓட்டினாரு, ரோட்டை விட்டு இறங்கினதே இல்ல" என்றார். நான் படுத்துக் கீழே பார்த்தேன். சேஸிஸ் இடுக்கில் கடல் மணல் கெட்டியாக ஒட்டியிருந்தது. "ஆபீசர் குளிக்கவும் இதுலதான் போனாரா?" என்று கேட்டேன். அவர் வேறு பக்கம் பார்த்தார். ஆனாலும் எடுத்தேன். பொய் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் அந்த வண்டியை வாங்கலாம். பொய் எங்கே என்று தெரியாத வண்டியைத்தான் வாங்கக் கூடாது.

அதற்குப் பிறகு அதில் நான் கைவைக்காத இடம் இல்லை. முன்னால் கனத்த இரும்பில் பம்பர். அதற்கு மேல் பழைய லாரியிலிருந்து கழற்றின வின்ச், அதாவது கம்பியைச் சுற்றி இழுக்கிற உருளை. அது ஜீப் இன்ஜின் ஓடினால்தான் சுற்றும். இன்ஜின் நின்றால் இழுவையும் நின்றுவிடும். இதை மனதில் வையுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

இப்படி ஒரு வண்டியைச் செய்துவிட்டால் அதைப் பார்க்கிறவன் கண்ணெல்லாம் அதன் மேலேயே இருக்கும். எதிர்வீட்டில் பிரெஞ்சுப் பென்ஷன் வாங்குகிற சொல்தா ஒருத்தர். பட்டாளத்தில் இருந்தவர். தினமும் சாயங்காலம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு என் ஜீப்பைச் சுற்றி ஒரு ரவுண்டு வருவார். "நாங்க ஓட்டின மாதிரியே இருக்கு முசியே, எனக்குக் குடுத்துடேன்" என்பார். அவர் வாயில் சார் என்பது முசியேதான். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். சிரிக்கிறவரை எப்படி நம்புவது? அவர் போன பிறகு டயர் நட்டெல்லாம் தொட்டுப் பார்ப்பேன்.

பட்டறைக்கு விடுவதென்றால் இன்னும் மோசம். என் தொழிலில் எல்லாரும் செய்வதுதான், நீங்களும் செய்வீர்கள்: பட்டறைக்கு அனுப்புமுன் நல்ல பார்ட்டுகளில் உளியால் ஒரு புள்ளி குத்தி வைப்பது. டைனமோவில் ஒன்று, பம்பில் இரண்டு. திரும்பி வரும்போது புள்ளி இருக்கிறதா என்று பார்ப்பேன். தலத்தெருவில் ஒரு மெக்கானிக், என்னைவிடப் பத்து வயது சின்னவன். இருபது வருஷத்துக்கு மேல் அவனிடம்தான் விட்டேன். ஒரு தடவைகூட புள்ளி மாறினதில்லை. அதனால் எனக்குச் சந்தேகம் கூடியதே தவிர குறையவில்லை. இவ்வளவு நாள் ஒன்றுமே எடுக்காதவன் என்றால், பெரிசாக ஏதோ ஒன்றுக்குக் காத்திருக்கிறான் என்றுதானே அர்த்தம்?

அவனுக்கும் அது தெரியும். "அண்ணே, புள்ளியெல்லாம் பாத்துட்டீங்களா, வண்டியை வெளிய எடுக்கவா?" என்பான். பட்டறையில் இருப்பவர்கள் எல்லாம் சிரிப்பார்கள். நான் சிரிக்க மாட்டேன். பார்த்து முடித்த பிறகுதான் ஏறுவேன்.

ஒரு சமயம் நாகூர்ப் பக்கம் என்னைப் போல ரெக்கவரி செய்தவரின் ஜீப் திருட்டுப் போய்விட்டது. எனக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. நாலாவது நாள் நானே ஒரு வேலை செய்தேன். ஜீப்பில் டீசல் டேங்க் டிரைவர் சீட்டுக்கு அடியில் இருக்கும். அங்கிருந்து இன்ஜினுக்குப் போகிற குழாயில், சீட்டுக்கும் பாடிக்கும் நடுவே, வெளியே தெரியாத இடத்தில் ஒரு சின்ன வால்வு வைத்தேன். அதை மூடிவிட்டால் வண்டி ஸ்டார்ட் ஆகும். குழாயில் மிச்சமிருக்கிற டீசலில் கொஞ்ச தூரம் ஓடும். திருடன் "ஆஹா" என்று தெருமுனை தாண்டுவான், அங்கே நின்றுவிடும். என்னவென்று அவனுக்குப் பிடிபடாது. டீசல் இன்ஜினில் ஒரு தடவை காற்று புகுந்துவிட்டால் அதை வெளியேற்றாமல் மறுபடி ஸ்டார்ட்டும் ஆகாது.

இதைச் செய்தபோது என்னைவிடக் கெட்டிக்காரன் ஒருத்தன் இல்லை என்று நினைத்தேன். இன்னமும் அது நல்ல வேலைதான். என் சம்சாரத்துக்குச் சொல்லவில்லை. என் மகனுக்குச் சொல்லவில்லை. மெக்கானிக்கிடம் சொல்வதாவது! வண்டியை விட்டு இறங்கும்போது என் இடது கை ஸ்டியரிங்கைப் பிடிக்கும், வலது கை தானாகச் சீட்டுக்கு அடியில் போய் வால்வை மூடும். ஏறும்போது திறக்கும். டீ குடிக்க இறங்கினாலும் சரி, ஒன்றுக்குப் போக இறங்கினாலும் சரி. பத்து வருஷம் கழித்து, அந்தக் கை போவது எனக்கே தெரியாது.

இனி அந்த நாளைச் சொல்கிறேன்.

ஐப்பசி மழை. விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. வின்ச்சில் கிளட்ச் வழுக்குகிறது என்று மெக்கானிக்கிடம் விட்டு, காலையில் போய் எடுத்தேன். "புது பிளேட்டு போட்டிருக்கேன் அண்ணே" என்றான். பழைய பிளேட்டையே தேய்த்துப் போட்டிருப்பானோ என்று எனக்கு. "ட்ரையல் பார்க்காம நான் எடுக்க மாட்டேன், நீயும் ஏறு" என்றேன். ஏறினான். ரோட்டுக்கு வருமுன்பே போன். கீழவாஞ்சூர்ப் பக்கம் டிப்பர் லாரி வாய்க்காலில் இறங்கிவிட்டது, டிரைவர் உள்ளே மாட்டியிருக்கிறார், கிரேனுக்கும் ஃபயர் சர்வீசுக்கும் சொல்லியாச்சு, நீங்க பக்கத்துல இருந்தா வாங்க என்று அந்த ரோட்டு டீக்கடைக்காரர் பேசினார்.

போய்ப் பார்த்தால், லாரியின் பின்பக்கம் ரோட்டு ஓரத்தில், மூக்கு வாய்க்காலுக்குள். கேபினில் பாதித் தண்ணீர். டிரைவருக்கு முப்பது வயது இருக்கும், திருவாரூர்ப் பக்கத்துப் பையன். நெஞ்சு வரை தண்ணீர். கால் பெடலுக்கும் நசுங்கின தகரத்துக்கும் நடுவே சிக்கியிருந்தது. கரைமேல் நாற்பது பேர் நின்றார்கள். அதில் முப்பது பேர் செல்லைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

டிரான்ஸ்போர்ட் சூப்பர்வைசர் ஓடி வந்தார். "இழுங்கண்ணே, பாதி லோடுதான். ஈசியா வந்துடும்."

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். அவசரம் என்றால் ஆளுக்கு ஆள் பொய் சொல்வார்கள். சிலர் பயத்தில், சிலர் வேலை போய்விடும் என்று. நீங்கள் ஆளைப் பார்க்காதீர்கள், வண்டியைப் பாருங்கள். நான் குனிந்து பின்பக்க ஸ்பிரிங் பட்டையைப் பார்த்தேன். வில் மாதிரி வளைந்திருக்க வேண்டியது, எதிர்ப்பக்கம் மடங்கிக் கிடந்தது.

"பாதி லோடா?" என்றேன். "மேல் பாதியா, கீழ் பாதியாங்க?"

அவர் பேச்சை நம்பி அப்படியே இழுத்திருந்தால் லாரி என் ஜீப்பையும் சேர்த்து வாய்க்காலுக்குள் கொண்டுபோயிருக்கும். பின்னால் ஒரு பனைமரம் நின்றது. சங்கிலி போட்டு ஜீப்பை அந்த மரத்தோடு கட்டினேன். அதற்குப் பிறகுதான் வின்ச் கம்பியை லாரி சேஸிசில் மாட்டினேன். ஜீப்பில் ஏறி உட்கார்ந்து மெதுவாக இழுத்தேன். லாரி ஒரு சாண் பின்னால் வந்தது. கிளட்ச் வழுக்கவில்லை. மெக்கானிக் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்க்கவில்லை.

மேற்கொண்டு இழுத்தால் சிக்கின கால் என்ன ஆகும் என்று ஒரு பயம். யாராவது கேபினுக்குள் போய்க் காலைப் பார்த்துக்கொண்டே சொல்ல வேண்டும். கரையில் நின்ற நாற்பது பேரில் ஒருத்தரும் இறங்கவில்லை. இன்ஜினை ஓட விட்டு, "வின்ச் லிவர்கிட்ட நில்லு. நான் கை காட்டினா இழு, கையை மூடினா நிறுத்து" என்று மெக்கானிக்கிடம் சொல்லிவிட்டு, கடப்பாரையை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

ஜீப்பை விட்டு இறங்கினேன். என் வலது கை என்ன செய்திருக்கும் என்று உங்களுக்குத் தெரிகிறதல்லவா? எனக்கு அப்போது தெரியவில்லை.

தண்ணீர் ஐஸ் மாதிரி. கேபின் கதவு வழியாகப் பாதி உடம்பை உள்ளே விட்டேன். டிரைவர் என் சட்டையைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, சூப்பர்வைசர் சொன்னது பொய். ஃபுல் லோடு. அதுக்கு மேலயும் இருக்கு."

"தெரியும்டா. நீ காலை அசைக்காத."

"செல்லு தண்ணில போயிடுச்சுண்ணே. வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லணும்."

"நீயே போய்ச் சொல்லுவ. வாயை மூடிக்கிட்டு மூக்கால மூச்சு விடு."

கை காட்டினேன். கம்பி விறைத்தது. லாரியின் மூக்கு கொஞ்சம் எழும்பியது. தண்ணீர் அவன் இடுப்புக்கு இறங்கியது. இன்னும் ஒரு முழம் வந்தால் கடப்பாரையை உள்ளே விட்டுத் தகரத்தை நெம்பிவிடலாம். அப்போதுதான் மேலே இன்ஜின் இருமியது. ஒரு தடவை. இரண்டு தடவை. நின்றது.

கம்பி பிடித்து நின்றது. ஆனால் வாய்க்கால் மண் அப்படி நிற்குமா? முன்சக்கரம் இரண்டும் சேற்றில் பக்கவாட்டில் சறுக்கின. கேபின் சாய்ந்து சாய்ந்து இறங்கியது. தண்ணீர் அவன் நெஞ்சுக்கு வந்தது, கழுத்துக்கு வந்தது. அவன் தலையைப் பின்னால் சாய்த்துத் தாடைக்கு அடியில் என் தோளைக் கொடுத்தேன். தண்ணீர் அவன் உதட்டைத் தொட்டுத் தொட்டுப் போனது.

இன்ஜின் ஏன் நின்றது என்று அந்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது. உலகத்திலேயே எனக்கு ஒருத்தனுக்குத்தான் தெரியும். நான் விட்டுவிட்டு மேலே ஏறினால் அவன் தலை தண்ணீருக்குள் போய்விடும். அங்கிருந்தே கத்திச் சொல்ல வேண்டியதுதான். "சீட்டுக்கு அடியில், வலது பக்கம், வால்வு." இவ்வளவுதானே?

நான் கத்தவில்லை.

தம்பிகளா, இதை இதுவரை யாரிடமும் நான் சொன்னதில்லை. மேலே நாற்பது பேர், முப்பது செல். நான் கத்தினால் அது வீடியோவில் பதிவாகும், சாயங்காலத்துக்குள் நாகூர் வரைக்கும் போகும். இந்த ஜீப்பை எப்படித் திருடுவது என்று நானே ஊருக்குச் சொன்ன மாதிரி ஆகும். அதைவிட, மெக்கானிக்குக்குத் தெரிந்துவிடும். ஒருத்தன் என் தோளில் கிடந்து மூச்சுக்குத் தவிக்கும்போது நான் இதை யோசித்தேன். இரண்டு மூச்சு நேரம் யோசித்தேன். அவன் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டான். அவன் இருமின இருமல் என் காதுக்குள் விழுந்த பிறகுதான் எனக்கு வாய் வந்தது.

"சீட்டு..." என்று கத்தினேன்.

மறுபடி மேலே பார்த்தால், மெக்கானிக் ஏற்கெனவே குனிந்து கையைச் சீட்டுக்கு அடியில் விட்டிருந்தான். தேடவில்லை. தடவவில்லை. தன் வீட்டு லைட் சுவிட்சைப் போடுகிற மாதிரி நேராகக் கை போனது. வால்வைத் திறந்தான். பானெட்டைத் தூக்கினான், ஃபில்டர் நட்டைத் தளர்த்தினான், கை பம்பை அடித்தான். டீசல் நுரை நுரையாக வந்து சுத்தமாக வரும் வரைக்கும் அடித்தான். சூப்பர்வைசர் "சீக்கிரம், சீக்கிரம்" என்று பக்கத்தில் குதித்தார். "நுரை நிக்காம ஸ்டார்ட் பண்ணினா மறுபடியும் நிக்கும், தள்ளி நில்லுங்க சார்" என்றான். அவசரத்தில் இன்னொரு அவசரத்தைச் சேர்க்காமல் வேலை செய்தான். கீழே நான் டிரைவரின் மூக்கைத் தண்ணீருக்கு மேலே பிடித்துக்கொண்டு, அந்த நுரை நிற்க வேண்டும் என்று ஒவ்வொரு சாமியாகக் கூப்பிட்டேன்.

இன்ஜின் பிடித்தது. கை காட்டினேன். மூக்கு எழும்பியது, தண்ணீர் இறங்கியது, கடப்பாரையை விட்டு நெம்பினேன். கால் வந்தது. எலும்பு முறிந்திருந்தது, ஆனால் வந்தது. ஃபயர் சர்வீஸ் வண்டி வந்தபோது அவன் கரையில் படுத்துக்கொண்டு, யாரோ கொடுத்த செல்லில், "ஒண்ணுமில்லம்மா, கால்ல சின்ன அடி" என்று பேசிக்கொண்டிருந்தான்.

அந்த வீடியோ என்னிடம் இருக்கிறது. எல்லாரும் எனக்கு அனுப்பினார்கள், ஒரே வீடியோவை இருபது பேர். "சூப்பர்ண்ணே", "கடவுள் மாதிரி வந்தீங்க" என்றெல்லாம் எழுதியிருந்தார்கள். டிரைவர் இப்போதும் பொங்கலுக்கு வாழைத்தாரோடு வருகிறான், என் காலில் விழுகிறான். அந்த வீடியோவில் இன்ஜின் நிற்கிற சத்தம் கேட்கும். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமே இல்லை, மழைச் சத்தம்தான். அதற்குப் பிறகுதான் என் குரல். பார்க்கிறவர்கள், பாவம் கிழவர் வாயில் தண்ணீர் போயிருக்கும் என்று நினைக்கிறார்கள். என் வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் போகவில்லை.

என்னால் சொல்ல முடிவது இதுதான். சந்தேகப்படுங்கள். சந்தேகப்படாதவன் இந்த வேலைக்கு லாயக்கில்லை. லோடு எவ்வளவு என்று சொல்கிறவனை, கம்பி நல்லா இருக்கு என்று சொல்கிறவனை, பிரேக் போட்டாச்சு என்று சொல்கிறவனை, ஒருத்தனையும் நம்பாதீர்கள். குனிந்து உங்கள் கண்ணால் பாருங்கள். அன்றைக்கு சூப்பர்வைசர் பேச்சை நான் சந்தேகப்படாமல் இருந்திருந்தால் அந்த டிரைவர் செத்திருப்பான். அதே சந்தேகத்தால் நான் சீட்டுக்கு அடியில் வைத்த வால்வும் அவனைச் சாகடித்திருக்கும். நீங்கள் வண்டியில் எந்த ரகசியம் வேண்டுமானாலும் வையுங்கள். ஆனால் லிவர் பக்கத்தில் யாரை நிறுத்துகிறீர்களோ, அவனுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். அவனுக்குச் சொல்ல மனசு வரவில்லை என்றால் அவனை அங்கே நிறுத்தாதீர்கள், தண்ணீரில் நீங்கள் இறங்காதீர்கள். இரண்டில் ஒன்று.

அன்று சாயங்காலம் நானும் மெக்கானிக்கும் அதே டீக்கடையில் உட்கார்ந்தோம். ஈரத் துணியோடு. டீ வந்தது. பிறகு கேட்டேன்.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"நீங்க வச்ச அடுத்த மாசமே அண்ணே. சர்வீசுக்கு வந்துச்சு. வால்வு கசிஞ்சுது. வாஷர் மாத்தினேன்."

"பில்லுல போடலியே?"

"போட்டா உங்களுக்குத் தெரிஞ்சிருமே. இது வரைக்கும் மூணு வாஷர் மாத்தியாச்சு."

"அப்பவே எங்கிட்ட சொல்லித் தொலைக்கிறதுதானே?"

"சொன்னா நீங்க இடத்தை மாத்திடுவீங்க. புது இடத்துலயும் கசியும். நான் மறுபடி தேடணும். எனக்கு வேற வேலை இல்லையா?"

கடைக்காரர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னொன்று கேட்க வேண்டியிருந்தது. கடைக்காரர் உள்ளே போகும் வரைக்கும் காத்திருந்தேன்.

"இன்ஜின் நின்னதும் நான் உடனே சத்தம் போடலப்பா. அதை நீ பாத்தியா?"

அவன் டீ கிளாஸைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். "நான் குனிஞ்சிருந்தேன் அண்ணே. எனக்குச் சீட்டு மட்டும்தான் தெரிஞ்சுது."

இன்ஜின் நின்றபோது அவன் குனிந்திருக்கவில்லை. நிமிர்ந்து நின்று என்னைத்தான் பார்த்தான். என் கண்ணையே பார்த்தான். நான் சொல்வேனா என்று ஒரு மூச்சு நேரம் பார்த்தான். சொல்ல மாட்டேன் என்று தெரிந்த பிறகுதான் குனிந்தான்.

பொய் சொன்னவனை நான் விட்டதே கிடையாது. ஏலக்காரரை விடவில்லை, சூப்பர்வைசரை விடவில்லை, நீங்கள் நாளைக்கு வந்து சொன்னாலும் விடமாட்டேன்.

"சரிப்பா, ஆறிடப் போவுது, குடி" என்றேன்.